இங்வெர் என்னும் பொய்ச்சாட்சி

“ஜிஞ்சர் தமிழ்ச் சொல்தான். சந்தேகமா? ஜெர்மன்காரரைக் கேளுங்கள். அவர் இன்றைக்கும் இங்வெர் என்றுதான் சொல்கிறார். இஞ்சிவேர்!” இந்தச் சேதி குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு, மொழிப்பற்றாளர் குழு என்று எதையும் விட்டுவைப்பதில்லை. வருடத்துக்கு நாலு தடவையாவது சுற்றி வந்துவிடும். இதில் உறுத்துவது என்னவென்றால், சொல்ல வந்த முடிவு ஏறக்குறைய சரி. கூண்டில் ஏற்றிய சாட்சிதான் பொய். மறுத்துப் பேசினால் தமிழுக்கு எதிரி என்பார்கள். தலையாட்டினாலோ பொய்ச்சாட்சிக்கு உடந்தை. நல்ல வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவரைக் கூட்டிவந்து சாட்சி சொல்லவைக்கும் வக்கீலைப் பார்த்தால் என்ன எரிச்சல் வருமோ, அதே எரிச்சல்தான் இதிலும்.

ஐரோப்பாவை ஒரு சுற்று சுற்றினால், இந்த ஒரு கிழங்குக்கு ஏறத்தாழ எல்லோரும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். ஆங்கிலத்தில் ஜிஞ்சர். பிரெஞ்சில் ழாம்ப்ர் என்று முடியும் ழெழாம்ப்ர். போர்த்துகீசியத்தில் ஜென்ஜிப்ரெ, ஸ்பானியத்தில் ஹென்ஹிப்ரே, இத்தாலியத்தில் ஸென்ஸெரோ. டச்சுக்காரருக்குக் கெம்பர், சுவீடனில் இங்கெஃபேரா, ரஷ்யாவிலும் போலந்திலும் இம்பிர், ருமேனியாவில் கிம்பிர், ஹங்கேரியில் ஜ்யோம்பேர், வேல்ஸில் ஷின்ஷிர். எஸ்தோனியரும் ஜெர்மானியரைப் போலவே இங்வெர் என்கிறார்கள். பின்லாந்துக்காரர் சொல்வது இன்கிவேரி. காதை மட்டும் நம்புவதென்றால் பரிசை ஜெர்மனுக்கல்ல, பின்லாந்துக்குத்தான் கொடுக்கவேண்டும். நம் ‘வேர்’ நெடிலோடு அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறதே! ஆனால் அந்தச் சொல் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுச் சுவீடனிடமிருந்து வந்தது. சுவீடனுக்கு வடஜெர்மன் வணிகர்களிடமிருந்து வந்தது. ஹெல்சின்கிக்கும் மதுரைக்கும் நடுவே நேர்வழி எதுவும் கிடையாது.

சொல்லின் பிறப்பைத் தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: சங்கிலியின் இரண்டு நுனிகளை மட்டும் எடுத்து ஒட்டிப் பார்ப்பது. நடுவில் உள்ள கண்ணிகளை எண்ணுவதே இல்லை. செய்யவேண்டியது தலைகீழ். முதலில் ஒவ்வொரு மொழியிலும் அந்தச் சொல்லின் பழைய வடிவங்களை நூற்றாண்டு வாரியாக அடுக்க வேண்டும். அடுத்து, ஒரு ஒலி மாறியிருக்கிறது என்று சொன்னால், அதே மொழியில் அதே மாற்றத்துக்கு ஆளான வேறு சொற்களைக் காட்டவேண்டும். ஒரே ஒரு சொல்லில் மட்டும் நடந்த மாற்றம் என்று யாராவது சொன்னால் அது மாற்றமல்ல, ஆசை. கடைசியாக, அக்கம்பக்கத்து மொழிகள் என்ன சொல்கின்றன என்று கேட்கவேண்டும். ஒருவன் பொய் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரன் காட்டிக்கொடுத்துவிடுவான்.

இங்வெரைக் காட்டிக்கொடுப்பது டச்சு. அங்கே சொல் ‘க’வில் தொடங்குகிறது. ஆங்கிலேயரின் பழைய மருத்துவ ஏடுகளில், ஆயிரம் ஆண்டுக்கு முன்பு எழுதப்பட்டவற்றில், கிங்கிஃபெர் என்ற எழுத்துக்கூட்டு இருக்கிறது. அங்கும் முதலெழுத்து மெய்தான். சரி, ஜெர்மனின் பழைய ஏட்டையே திறப்போம். பழைய உயர்ஜெர்மனில் இருப்பது கிங்கிபெரோ. அதன்பிறகு, இடைக்கால ஜெர்மனில்தான் முன்னால் இருந்த அந்த மெய் தேய்ந்துபோய் இங்கெவெர் என்ற வடிவம் நிலைக்கிறது. அதாவது சொல் ஜெர்மனிக்குள் வரும்போது உயிரெழுத்தில் தொடங்கவில்லை. வந்தபின் தலை போனது. பின்பாதியிலிருக்கும் ‘வெர்’ கூட நம் வகரம் அல்ல. லத்தீனில் ‘பெர்’ என்று இருந்தது, இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்ட பகரம், அங்கே மெல்ல மெல்ல வகரமாயிற்று. தமிழில் வகரம், நடுவழியில் பகரம், ஜெர்மனியில் மறுபடி வகரம். வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்த மாதிரி தெரிகிறது. வந்தது வேறு தெரு.

ஒற்றுமை எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படவேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய பாடம். இரண்டாயிரம் ஆண்டு, ஐந்தாறு மொழி, பல துறைமுகம் தாண்டிய சொல் கசங்காமல் இருக்காது. கசங்காமல் இருந்தால், ஒன்று அது நேற்று வந்தது, இல்லையேல் தற்செயல்.

கொம்பு முளைத்த கதை

அப்படியென்றால் மெய்யான வழி எது? ஜெர்மனிலிருந்து பின்னோக்கிப் போனால் பிற்கால லத்தீனில் கிங்கிபெர் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னால், கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியது ஸிங்கிபெரி. ‘ஸ’ எப்படி ‘க’ ஆனது என்று திகைக்கவேண்டாம். பிற்கால லத்தீன் பேச்சில் இகரத்துக்கு முன்னால் வரும் ‘க’, ‘திய’, கிரேக்கத்திலிருந்து வந்த ஸகர எழுத்து எல்லாமே ஏறக்குறைய ‘ஜ’ மாதிரி ஒலிக்கத் தொடங்கிவிட்டன. எழுதுகிறவர் கைக்கு வந்த எழுத்தைப் போட்டார். சாத்தானைக் குறிக்கும் தியாபொலுஸ் என்ற சொல்லை ஸாபுலுஸ் என்று எழுதிய ஏடுகள் உண்டு. அதே குழப்பம்தான் இதுவும். மற்றொரு சொல்லைக் காட்டவேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இப்படித்தான். இந்த ‘ஜ’ ஒலியைத்தான் இடைக்காலப் பிரெஞ்சு ஆங்கிலத்துக்குக் கொடுத்தது. பிரெஞ்சு பின்னால் அதை மென்மையாக்கிக் கொண்டது. ஆங்கிலம் பழைய உச்சரிப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிளினி சொல்லும் செய்திகள் ருசியானவை. ஒரு ரோமானிய ராத்தல், அதாவது கிட்டத்தட்ட 327 கிராம், ஸிங்கிபெரியின் விலை 6 தெனாரியம் (ரோமானிய வெள்ளிக்காசு). அதே எடை கருமிளகு 4, திப்பிலி 15. மிளகைவிட இஞ்சிக்கு விலை கூட! கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்கிறார்: சிலர் நினைப்பதுபோல் இது மிளகுச் செடியின் வேர் அல்ல. அந்தத் திருத்தம் எடுபடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். இன்றைய கிரேக்கர் காய்கறிக் கடையில் கேட்பது பிப்பெரோரிஸா. பொருள்? மிளகுவேர். இஞ்சிக்கு ஐரோப்பாவில் பெயர் வைத்த கிரேக்கமே, தான் வைத்த பெயரை ஓரங்கட்டிவிட்டு, பிளினி தவறு என்று சொன்னதைப் பெயராக்கிக் கொண்டது.

ஆனால் பிளினியும் ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார். இது அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைகிறது என்கிறார். அதே நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதேஸும் அப்படித்தான் எழுதினார். இந்தத் தவறுதான் சொல்லாய்வுக்குப் பெரிய துப்பு. பொருள் எங்கே விளைகிறது என்றே தெரியாதவர்கள், பெயரை மட்டும் விளைந்த ஊர்க்காரரிடமிருந்து நேரே கேட்டிருக்க முடியாது. சரக்கும் பெயரும் இடைத்தரகர் கைமாறி வந்தவை. ஆகவே முசிறித் துறையில் யவனர் நம்மவரிடம் “இது என்ன?” என்று கேட்டு, “இஞ்சிவேர்” என்று பதில் பெற்ற காட்சி சினிமாவுக்கு நன்றாக இருக்கும், கிரேக்கச் சொல்லுக்குப் பொருந்தாது.

கிரேக்க ஸிங்கிபெரிஸின் ஒலிகளே அதைச் சொல்கின்றன. முதலில் ஸகரம் இருக்கிறது, நம் இஞ்சியில் அது இல்லை. நடுவில் ‘ங்க்’ இருக்கிறது, நம்மிடம் ‘ஞ்ச்’. இரண்டும் அப்படியே கிடைக்கும் ஒரு மொழி, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலி. அங்கே சொல் சிங்கிவேர. பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநய பிடகத்தில், மகாவக்கம் என்ற பிரிவில், மருந்துகளைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. துறவிகள் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த வேர்மருந்துகளின் பட்டியல் அதில் வருகிறது: மஞ்சள், சிங்கிவேர, வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, உசீரம், கோரைக்கிழங்கு என்று போகும். அந்த உசீரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

சமஸ்கிருதத்தில் இதே சொல் ச்ருங்கவேர என்று மாறு வேடம் போட்டு வருகிறது. ச்ருங்கம் என்றால் கொம்பு. கிளை கிளையாய்ப் பிரிந்த ஒரு முழு இஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் மான்கொம்பு மாதிரிதான் இருக்கும், மறுக்கமுடியாது. பெயருக்குப் பொருள் தெரியாதபோது தெரிந்த பொருளைப் போர்த்திவிடுவது எல்லா மொழிக்கும் உள்ள பழக்கம். ஆனால் கொம்புக்குப் பிறகு வரும் ‘வேர’? அதற்கு ‘உடல்’ என்று பொருள் சொல்லி, ‘கொம்புடல் கொண்டது’ என்று முடித்தார்கள். அந்த ‘வேர’ அந்தப் பொருளில் வேறெங்கும் புழங்கவில்லை. ஒரு கூட்டுச்சொல்லின் ஒரு பாதிக்குப் பாட்டனைக் காட்டி, மறுபாதிக்கு ஆளே காட்டமுடியாமல் போனால், அந்தச் சொல் அந்த வீட்டில் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

இதே விளையாட்டை ஆங்கிலமும் ஆடியிருக்கிறது. பாகிலிட்ட இஞ்சிக்குப் பழைய பிரெஞ்சில் ஜென்ஜெம்ப்ராஸ் மாதிரி ஒரு சொல் இருந்தது. ஆங்கிலேயர் காதில் அதன் வால் ‘பிரெட்’ என்று விழுந்தது. பெயரில் ரொட்டி வந்துவிட்டதால் பண்டத்திலும் மாவு வந்தது. ஜிஞ்சர்பிரெட் பிறந்தது இப்படி. ‘மெல்ல, பதனமாக’ என்ற பொருளில் வரும் ஜிஞ்சர்லி என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இஞ்சிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது வேறு பிரெஞ்சுச் சொல்லின் பேத்தி. ஸான்ஸிபார் தீவின் பெயரை அரபியின் ஸன்ஜபீலோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. ஆனால் ஸன்ஜபீல் என்ற அரபிச் சொல் நம் சங்கிலியின் நேரான கண்ணிதான். பாரசீகம், மேற்காசியாவின் பழைய மொழியான சிரியாக் வழியாகப் போய், கடைசி ரகரம் லகரமாகி, குரானின் 76ஆம் அத்தியாயத்தில் சொர்க்கத்துப் பானத்தில் கலக்கப்படும் பொருளாக நிற்கிறது. அதுவே துருக்கி வழியாக ஸென்ஜெஃபில் ஆகி, பல்கேரியாவுக்குள் ஜின்ஜிஃபில் என்று நுழைந்தது. ஐரோப்பாவுக்கு இந்தச் சொல் இரண்டு வாசல் வழியாக வந்தது. ரகரத்தில் முடிந்தால் கிரேக்க வாசல், லகரத்தில் முடிந்தால் அரபி வாசல். கேட்டவுடன் சொல்லிவிடலாம்.

தொலைந்த சகரம்

இப்போது நிஜமான சாட்சிக்கு வருவோம். ‘வேர்’ பற்றித் தகராறு இல்லை. தமிழ், மலையாளத்தில் வேர், தெலுங்கில் வேரு, கன்னடத்தில் பேரு. திராவிடக் குடும்பத்தில் காலூன்றிய சொல். ஆனால் நம் இஞ்சியில் இல்லாத சகரம் பாலியின் சிங்கிவேரவுக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் மதுரையிலும் இல்லை, பெர்லினிலும் இல்லை. நடு இந்தியாவில் கோண்டி, கூயி என்ற திராவிட மொழிகள் பேசும் மலைக்காடுகளில் இருக்கிறது.

நாம் ‘ஐந்து’ என்பதைக் கோண்டியில் ஸையுங் என்கிறார்கள். நம் ‘ஆறு’ அங்கே ஸாருங். கொடு என்னும் பொருளில் நம்மிடம் ‘ஈ’ இருக்கிறது, கூயியிலும் கோண்டியிலும் ‘ஸீ’. நம் உப்புக்குக் கோண்டியில் ஸோவர். நாம் ‘இல்லை’ என்போம், கோண்டியர் ‘ஸில்லெ’. ஒன்றிரண்டு என்றால் தற்செயல் எனலாம். வரிசையாக இத்தனை இருந்தால் விதி. திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத்திராவிடத்தில் சொல்முதலில் இருந்த சகரம் தென்திராவிடத்தில், குறிப்பாகத் தமிழ் மலையாளக் கிளையில், பல சொற்களில் உதிர்ந்துபோனது. இந்த உதிர்வைச் சான்றுகளோடு நிறுவியவர்களில் முக்கியமானவர் திராவிட வேர்ச்சொல் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான தாமஸ் பரோ. இஞ்சியையும் இந்த வரிசையில் நிறுத்தினால், பழைய வடிவம் சிங்கிவேர் என்பதுபோல் ஒன்றாக இருந்திருக்கவேண்டும். பாலி வாங்கிக்கொண்டது அதைத்தான். நாம் பிறகு சகரத்தை உதிர்த்தோம், ‘ங்க்’கை ‘ஞ்ச்’ ஆக்கினோம்.

இதை ஒருகணம் நின்று பார்க்கவேண்டும். இஞ்சிவேர்தான் ஜிஞ்சர் ஆனது என்பதற்கு வலுவான ஆதாரம், இன்றைய தமிழோடு அது ஒத்துப்போவது அல்ல. ஒத்துப்போகாத இடம்தான் ஆதாரம். நாம் தொலைத்த ஒரு மெய்யை ஐரோப்பிய மொழிகள் பத்திரமாக வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஜி’, டச்சின் ‘கெ’, இத்தாலியின் ‘ஸெ’ எல்லாம் நம் பழைய சகரத்தின் மிச்சம். ஜெர்மன்தான், தன் பங்குக்கு, அதைத் தொலைத்துவிட்டு, சுவீடன், எஸ்தோனியா போன்ற அக்கம்பக்கத்தாருக்கும் தலையில்லாமலே கொடுத்தது. கையில் சான்றை வைத்திருக்கும் இத்தனை பேரை விட்டுவிட்டு, சான்றைத் தொலைத்தவனைப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்!

தலையைத் தொலைத்தவர்களில் இன்னொருவரும் உண்டு. சிங்களத்தில் இஞ்சிக்கு இங்குரு. தமிழிலிருந்து போனது என்று தோன்றும். இல்லை. பாலி வடிவத்தின் வழியில் வந்தது. சிங்களத்தில் சகரம் ஹகரமாகி, ஹகரமும் சிலவேளை மறைந்துவிடும். சூரியனுக்கு ஹிரு என்றும் இர என்றும் சொல்வதைக் கொழும்பில் யாரும் கேட்டிருப்பார்கள். இஞ்சி, இங்குரு, இங்வெர்: மூன்று மொழி, மூன்று காலம், மூன்று தனித்தனிக் காரணம், முடிவில் ஒரே இகரம்.

இங்கே எதிர்த்தரப்பின் நல்ல கேள்வி ஒன்றை மறைக்கக்கூடாது. தமிழ் சகரத்தை உதிர்ப்பது சொந்தச் சொற்களில் மட்டுமல்ல, வாங்கிய சொற்களிலும் நடந்திருக்கிறது. சகஸ்ர என்பது கன்னடத்தில் சாவிர, நம்மிடம் ஆயிரம். சிராவணம் நமக்கு ஆவணி. அதேபோல் வடக்கிலிருந்து வந்த சிங்கியைத்தான் நாம் இஞ்சி ஆக்கினோம் என்று ஏன் சொல்லக்கூடாது? சகரத்தை மட்டும் வைத்து வாதாடினால் இந்த இடத்தில் வழக்கு தோற்றுவிடும். காப்பாற்றுவது ‘வேர்’தான். வடக்கில் பொருளில்லாத பாதி, தெற்கில் தினமும் புழங்கும் சொல். மகாவக்கமும் இதை வேர்மருந்துகளில்தானே சேர்க்கிறது.

முன்பாதியைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசமுடியாது. இஞ்சி காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் செடி அல்ல. மனிதர் நட்டு நட்டே கொண்டுவந்தது. அதன் பூர்விகம் தென்கிழக்காசியா பக்கம் என்று தாவரவியலார் கருதுகிறார்கள். மேகாலயத்தின் காசி மொழியில் இஞ்சிக்கு ஸியிங், பர்மியத்தில் ஜின். இந்த ஒலிகள் நம் பழைய ‘சிங்கி’க்குச் சொந்தமா என்ற விவாதம் மொழியியலாரிடையே உண்டு. செடி கிழக்கிலிருந்து வந்தபோது பெயரும் கூட வந்திருந்தால், அந்தப் பாதி நமக்கும் இரவல்தான். திராவிட மொழிகளிலேயே தமிழுக்கும் மலையாளத்துக்கும் வெளியே இஞ்சி என்ற சொல் பரவலாக இல்லை. தெலுங்கருக்கு அல்லம், கன்னடத்தாருக்கு சுண்டி. மதுரைக்காஞ்சியில் மஞ்சளோடு இஞ்சியும் வருகிறது என்பதால் தமிழில் அது பழைய சொல் என்பது மட்டும் உறுதி. (சங்கப்பாட்டில் இஞ்சி என்றால் கோட்டை மதிலும்கூட. தேடுகிறவர்கள் மதிலை வேகவைத்துவிடக்கூடாது.) ஆகவே நான் தைரியமாகக் கையெழுத்துப் போடுவது பின்பாதிக்கு மட்டும். ஆங்கிலத்தில் அந்த வேரில் மிஞ்சியிருப்பது கடைசி ‘அர்’. ஸ்பானியத்தில் ‘ப்ரே’. அரபியில் ‘பீல்’.

அவர்கள் வாங்கியது இஞ்சியா, சுக்கா?

காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு என்று இரண்டையும் வேறுவேறு மருந்தாகவே நம்மவர்கள் வைத்திருக்கிறார்கள். வடக்கிலும் ஈரமானது அத்ரக், காய்ந்தது ஸோண்ட். ஐரோப்பிய மொழிகளில் இந்தப் பிரிவினை இல்லை. காய்ந்தாலும் ஈரமானாலும் ஒரே பெயர்தான், வேண்டுமானால் முன்னால் ஒரு அடைமொழி. காரணம் எளிது. பச்சை இஞ்சி கப்பலில் மாதக்கணக்காகத் தாங்காது. ஒன்று முளைவிடும், இல்லையேல் பூஞ்சை பிடித்து அழுகும். தியோஸ்கோரிதேஸ் இதைத் தெளிவாக எழுதுகிறார்: சீக்கிரம் கெட்டுப்போவதால் பதப்படுத்தி, மண்கலங்களில் போட்டு இத்தாலிக்குக் கொண்டுவருகிறார்கள், வாங்கும்போது பூச்சி அரிக்காததாகப் பார்த்து எடு. ரோமாபுரிக்காரர் கண்ட இஞ்சி ஊறுகாய் அல்லது சுக்கு. வயலிலிருந்து பிடுங்கிய இஞ்சியை அவர்கள் பார்த்திருக்க வழியில்லை.

சுக்கின் பக்குவம் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. பச்சையாக விற்பதற்கு ஆறாம் மாதமே பிடுங்கலாம், சுக்குக்கு எட்டு மாதமாவது முற்றவேண்டும். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து மண் போகக் கழுவி, கூராகச் சீவிய மூங்கில் சிம்பால் மேல்தோலை மட்டும் சுரண்டுவார்கள். இரும்புக் கத்தி பட்ட இடம் கறுக்கும் என்பது ஒன்று. வாசனை எண்ணெய் தோலுக்கு மிக அருகிலேயே இருப்பதால், ஆழமாகச் சீவினால் மணமும் காரமும் தோலோடு போய்விடும் என்பது இன்னொன்று. பிறகு பத்து நாள் அளவுக்கு வெயில். நூறு கிலோ பச்சை இஞ்சி 19 முதல் 25 கிலோ சுக்காகச் சுருங்கும். எடை ஐந்தில் ஒரு பங்கு, விலையோ பல மடங்கு: கப்பல் வணிகருக்கு இதைவிடத் தோதான சரக்கு ஏது? 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிளாரன்ஸ் வணிகர் பெகொலோட்டி எழுதிய வணிகக் கையேட்டில் மூன்று ரக இஞ்சி வருகிறது: பெல்லெடி, கொலொம்பினோ, மிக்கினோ. கொலொம்பினோ என்பது கொல்லத்துச் சரக்கு. மிக்கினோ மக்கா வழி வந்தது. பெல்லெடி என்பது பலதி என்ற அரபிச் சொல், நம் பேச்சில் சொன்னால் ‘நாட்டு’ இஞ்சி. நாட்டுக்கோழி, நாட்டுத் தக்காளி மாதிரி. எந்த நாடு என்று பிளாரன்ஸ்காரருக்குக் கவலையில்லை. பெயரைப் பார்த்து விலை போட்டார்.

சரக்கு சுக்கு, பெயர் மட்டும் இஞ்சி. இந்தப் பொருத்தக்கேட்டுக்கு ‘வேர்’ என்ற பின்னொட்டுதான் விடை என்பது என் ஊகம். சமையல் செய்கிறவருக்கு இஞ்சி என்றால் போதும், வேரைச் சேர்க்கவேண்டியதில்லை. இன்றைக்கும் கடையில் யாரும் “கால் கிலோ இஞ்சிவேர் கொடுங்கள்” என்று கேட்பதில்லை. சேர்க்கவேண்டிய தேவை மருந்துச் சரக்கு விற்கிறவருக்குத்தான். அவர் பெட்டியில் வேர், பட்டை, விதை, பிசின் என்று பிரிவுகள் இருக்கும். காய்ந்துபோனபின் எல்லாம் ஒரே நிறம். எந்தச் செடியின் எந்தப் பாகம் என்று பெயரிலேயே சொல்லிவைப்பது வியாபார அவசியம். தாவரவியலார் வந்து அது வேரே அல்ல, தரைக்குள் படுத்து வளரும் தண்டு என்பார்கள். கணுவும் செதிலும் மொட்டும் இருப்பதே அதற்கு அடையாளம். நாட்டு மருந்துக் கடைக்காரர் அதைக் கேட்டுக் கணக்கை மாற்றப்போவதில்லை.

நேராகப் போன வேர்

மகாவக்கப் பட்டியலில் நிறுத்திவைத்த உசீரத்தை இப்போது கூப்பிடலாம். அது வெட்டிவேர். இஞ்சியோடு அதே வரிசையில், அதே வேர்மருந்துக் கூட்டத்தில் இருந்தது. ஆனால் ஐரோப்பாவுக்குள் அது பாலிப் பெயரோடும் போகவில்லை, கிரேக்க வேடத்தோடும் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சில் வெத்திவேர் என்று நேரே தமிழிலிருந்து ஏறியது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஜெர்மன், இத்தாலியம், போர்த்துகீசியம் என்று எல்லாவற்றுக்கும் அதே வடிவத்தில் பரவியது. மாற்றம் என்று பார்த்தால் நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட்ட’ அவர்கள் வாயில் ‘த்த’வாகப் போனது, அவ்வளவுதான். இடையில் எவரும் கொம்பு ஒட்டவில்லை, மெய் உதிரவில்லை, பகரம் வகரம் புரளவில்லை. நேரே வாங்கிய சொல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. போதாக்குறைக்கு, இது நிஜமாகவே வேர். தாவரவியலாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். இன்று உலகச் சந்தைக்கு இந்த எண்ணெயை அதிகம் அனுப்புவது ஹெயிட்டி. பெயரை மாற்றாமல்தான் அவர்களும் விற்கிறார்கள்.

ஆண்களுக்கான வாசனைத் திரவியங்கள் பலவற்றின் சேர்மானத்தில் இந்தப் பெயர் இருக்கும். ஆனாலும் குழுக்களில் வெட்டிவேர் சேதி சுற்றுவதில்லை. ஆதாரம் கண்ணெதிரே கிடப்பதாலோ என்னவோ, யாருக்கும் சுவாரசியம் இல்லை.

ஜெர்மன்காரரிடம்தான் கேட்டாகவேண்டும் என்றால், காய்கறிக் கடையில் கேட்காதீர்கள். வாசனை எண்ணெய் விற்கும் கடைக்குப் போங்கள். ஒரே அலமாரியில் இரண்டு சின்னப் புட்டிகள் இருக்கும்: இங்வெர் எண்ணெய், வெட்டிவெர் எண்ணெய். ஜெர்மன் எழுத்தில் இரண்டுக்கும் வேறுவேறு வகரம். முதலாவதில் இரட்டை வளைவு போட்ட எழுத்து, அவர்கள் நாக்கிலேயே பகரம் தேய்ந்து உண்டான வகரம். இரண்டாவதில் ஒற்றை வளைவு, பிரெஞ்சுக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதியது. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.